பைலட்டுக்கு ஆபரேஷன்

விமானக் கம்பெனி சேர்மன் அவர்களே, நீங்கள் என்னைப் பொய்யன் ஆக்கினீர்கள்.

உங்கள் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மஞ்சள் விமானம், வாலில் கூலிங் கிளாஸ் போட்ட சூரியன் என்று சொன்னால் போதும். ஜனங்களை வெயில் ஊர்களுக்கு உல்லாசமாக அழைத்துப் போகிறேன் என்று ஆரம்பித்து, ஒரு வருஷம்கூடப் பறக்காமல் மூடிவிட்டுப் போனீர்கள். அதில் போனவர்களுக்குத் தெரியும். போகாதவர்கள் தப்பித்தார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம் எனக்குச் சிமெண்ட் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருப்பதால் வியாபாரம் ஓடுகிறது. நிறைய மூட்டை விற்கும் டீலர்களைச் சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எங்காவது கூட்டிப் போவார்கள். முதலில் ஊட்டி, அப்புறம் கோவா, எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்த காலத்தில் வெளிநாடு. அந்த வருஷம் தாய்லாந்தில் பூக்கெட் என்ற தீவு.

"கடலு, மணலு, வெயிலு, மூணும் ஃப்ரீ" என்றார் கம்பெனியின் ஏரியா மேனேஜர். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். திருவண்ணாமலைக்காரனிடம் வந்து வெயில் ஃப்ரீ என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். சித்திரையில் எங்கள் மலை பகல் முழுக்கக் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். "வெயிலு வேணும்னா இந்த மூட்டை மேல ஏறி உக்காருங்க சார், எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க" என்றார் லோடு இறக்க வந்தவர்.

எனக்கு இருந்த ஒரே யோசனை என் தங்கை மலரைப் பற்றியது. அவளை அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நான் ஊர் திரும்பும் புதன்கிழமை கழித்து வெள்ளிக்கிழமை காலை அவள் பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. பையனைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மலருக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. மலர் கல்யாணத்தில் நாங்கள் கொடுத்த பீரோ லாரியில் வரும்போது கதவு நசுங்கிவிட்டது. அவளுடைய மூத்தார், அதாவது அவள் வீட்டுக்காரரின் அண்ணன், மண்டபத்தில் எல்லார் எதிரிலும் "பீரோ எடைக்கு வாங்கினதா?" என்று கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. பிள்ளை பிறந்தபோதுகூட நான் ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான், அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "எம்புள்ள காத எங்கண்ணன் மடியிலதான் குத்தணும், இல்லன்னா காதே குத்த வேணாம்" என்று மலர் பிடிவாதமாக நின்று, அழுது, பட்டினி கிடந்து, அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"புதன்கிழமை வந்துடுவாரில்ல?" என்று மூத்தார் கேட்டாராம். "வந்துடுவாரு" என்றாளாம் மலர். நான் கிளம்பினேன்.

சனிக்கிழமை விமானம் ஏறினோம். டீலர்கள் இருபது பேருக்கு மேல். என் பக்கத்துச் சீட்டில் செங்கம் கோவிந்தசாமி அண்ணன். எங்களில் மூத்தவர், சைவம், வாயைத் திறந்தால் யாரையாவது கிண்டல் அடிப்பார், ஆனால் யாருக்காவது தலைவலி என்றால் முதலில் தைலத்தை எடுப்பவரும் அவர்தான். அந்தப் பக்கம் ஆரணி பாபு பாய். உருது பேசுகிறவர், இந்தியும் ஓட்டுவார்.

ஏறினவுடன் மஞ்சள் துண்டு கட்டிய பெண்கள் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கம்பெனி அன்பளிப்பாம். போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் கண் புரை ஆபரேஷன் கேம்ப் முடிந்து பஸ்ஸில் வருகிற கூட்டம் மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்துக் கொடுத்தார்கள்.

"இன்னாப்பா இது, மாட்டுக்கு வெக்கிறத மூடி வெச்சிக் குடுக்கறாங்க?" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"சாப்டுங்கண்ணா. வெளிநாட்டு வெள்ளரிக்கா" என்றார் பாபு பாய்.

"வெள்ளரிக்கா நம்ம சேத்துப்பட்டு சந்தையில வாங்கனாப்ல இருக்குது. வெலதான் வெளிநாடு."

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையைப் பார்த்தேன். கடல் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீருக்கு அடியில் நம் கால் விரல் தெரிகிறது. ஆனால் மணல் முழுக்க வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும், கிழவனும் கிழவியும். ஒருத்தி புருஷனிடம் என்னவோ கடிந்துகொண்டாள். ஏரியா மேனேஜர் மொழிபெயர்த்தார்: "நேத்து முதுகு ஆயிடுச்சு, இன்னைக்கு நெஞ்சைத் திருப்புன்னு சொன்னேனே, ஏன் குப்புறவே கெடக்கறன்னு திட்டறாங்க."

"வடாம் காய வெக்கிற மாதிரி பொரட்டிப் போடறாங்கப்பா" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

அதே மணலில் அந்த ஊர்ப் பெண்கள் சுட்ட வாழைப்பழமும் சோளமும் விற்றுக்கொண்டு போனார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, முகத்தைச் சுற்றித் துணி, கண் மட்டும்தான் தெரிகிறது. நம் ஊரில் தளம் போடும்போது கலவைச் சட்டி தூக்கும் பெண்கள் புடவை மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு தலையில் துண்டு சுற்றியிருப்பார்களே, அச்சு அசல் அப்படி. எனக்கு அவர்களைப் பார்த்ததும்தான் மனுஷர்கள் இருக்கும் ஊருக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. வெயில் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சேர்மன் அவர்களே, வெயிலை விற்கலாம் என்று யோசிக்கிறவன் அதில் ஒரு நாளும் வேலை செய்திருக்க மாட்டான்.

சாப்பாடு பெரிய தகராறு. சோறு உண்டு, தேங்காய்ப் பால் உண்டு, மிளகாய் நம்மை விட ஜாஸ்தி. பப்பாளிக் காயை உரலில் போட்டு இடித்துத் தருகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் எதன் மேலும் கருவாட்டுத் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றிவிடுகிறார்கள். கோவிந்தசாமி அண்ணன் மூன்று வேளையும் வெறும் சோறும் வாழைப்பழமும் தின்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் பையிலேயே கொட்டி, அவருடைய வெள்ளை வேட்டிகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. "கம்பெனி கலருக்கு மாறிட்டீங்கண்ணா" என்றார் பாபு பாய்.

பாய் சாமர்த்தியசாலி. தெருமுனையில் தள்ளுவண்டியில் பரோட்டா மாவு வீசுகிறவர் ஒருவரைக் கண்டுபிடித்து சலாம் வைத்தார். அவரும் பதில் சலாம் வைத்தார். பாஷை ஒன்றும் ஒட்டவில்லை, ஆனாலும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குசலம் விசாரித்தார்கள். எங்களுக்குச் சுடச்சுட பரோட்டா வந்தது. அதற்குள் வாழைப்பழம், மேலே டின் பால்.

"பரோட்டாவுக்கு சால்னா இல்லாம பால ஊத்தறானே, இவன் நல்லா இருப்பானா?" என்று சொல்லிக்கொண்டே கோவிந்தசாமி அண்ணன் இன்னொன்று கேட்டார்.

திங்கட்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். அங்கே ஆட்டோவுக்குப் பதில் சின்ன சிவப்பு வேன். உள்ளே கலர் லைட், காது கிழியப் பாட்டு. மலை மேல் இருக்கும் பெரிய புத்தர் கோயிலுக்கு என்று ஏறினோம். டிரைவர் கோட்டு தைக்கும் கடையில் நிறுத்தினான். வேர்வை சொட்டச் சொட்டக் கம்பளிக் கோட்டைத் தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அங்கிருந்து கல் நகைக் கடை. அங்கிருந்து மறுபடி ஒரு கோட்டுக் கடை. நான் கத்தினேன். டிரைவர் கையைக் கூப்பி, அரைகுறை இங்கிலீஷில், "அஞ்சு நிமிஷம் உள்ளே நின்னுட்டு வாங்க, எனக்கு பெட்ரோல் போடுவாங்க, அப்புறம் கண்டிப்பா கோயில்" என்று சொன்னதாக மேனேஜர் விளக்கினார். கோயிலுக்குக் கொண்டுபோகவும் செய்தான், திரும்பக் கொண்டுவந்து ஹோட்டல் வாசலில் விடவும் செய்தான். அன்றைக்கு அவனை அயோக்கியன் என்று திட்டினேன். உங்களோடு ஒப்பிட்டால் அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அன்று சாயங்காலம் மேனேஜர் வேறு விமானத்தில் பாங்காக் போனார். அங்கே ஏதோ மீட்டிங். "புதன்கிழமை பஸ்ஸு வரும், ஏறுங்க, ஏர்போர்ட்ல எறங்குங்க, ஏறி உக்காந்தா ஊரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கூட்டத்தில் இங்கிலீஷ் சரளமாகத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அவருடைய பாங்காக் நம்பரை யாரும் வாங்கி வைக்கவில்லை.

எங்கள் செல்போன் எதுவும் அங்கே எடுக்கவில்லை, செவ்வாய்க்கிழமை ஒரு போன் பூத்திலிருந்து மலருக்குப் போன் போட்டேன்.

"பந்தலு போட்டாச்சுண்ணா. ஆசாரிக்குச் சொல்லியாச்சு. அண்ணி தட்டு வரிசைக்கு எல்லாம் வாங்கிட்டாங்களாம். நீ வந்து உக்காந்தா போதும்."

"ஒங்க மூத்தாரு இன்னா சொல்றாரு?"

"நேத்து அவரே கேட்டாரு, ஒங்கண்ணனுக்கு வேட்டி எடுக்கணும், என்ன கரை புடிக்கும்னு." அப்புறம், "வந்துடுண்ணா" என்றாள்.

புதன்கிழமை ஏர்போர்ட். உங்கள் கம்பெனி மேஜையில் மஞ்சள் துண்டு கட்டிய ஒரு தாய்லாந்துப் பெண் மட்டும் நின்றிருந்தாள். போர்டில் எங்கள் விமானத்துக்கு நேராகச் சிவப்பு எழுத்து. மைக்கில் ஒரு குரல் இங்கிலீஷில் என்னவோ சொன்னது. எங்களுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தைதான்.

"ஆபரேஷன்னு சொல்றாங்கப்பா" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"யாருக்கு?"

"பைலட்டுக்காதான் இருக்கும். ஓட்டறவனுக்கு ஒடம்பு முடியலன்னாதான வண்டி நிக்கும்."

எங்கள் பக்கம் ஆபரேஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். கத்தி, தையல், வேலூர். நான் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மேஜைக்குப் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பைலட் ஆபரேஷன்?" என்று கேட்டேன். அந்தப் பெண் மிகவும் வருத்தமான முகத்தோடு, "யெஸ் சார். ஆபரேஷனல். சாரி சார்" என்றாள். கையைக் கூப்பினாள். நானும் கூப்பினேன்.

திரும்பி வந்து சொன்னேன்.

"அப்பெண்டிக்ஸா இருக்கும். அதுதான் சொல்லாம கொள்ளாம வரும்" என்றார் ஒருவர்.

"கல்லடைப்பாகூட இருக்கலாம். ஒக்காந்தே ஓட்டற வேலையில்ல?"

"எனக்குக் கொடல் எறக்கம் பண்ணப்ப மூணு மாசம் சைக்கிளே மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"அப்ப நம்ம மூணு மாசம் இங்கதானா?"

"யோவ், வேற பைலட்ட அனுப்புவாங்கய்யா."

வடநாட்டுக் கூட்டம் ஒன்றும் அதே விமானத்துக்கு வந்திருந்தது. அவர்கள் மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள், பாபு பாய் இந்தியில் விசாரித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக டிக்கெட்டை ஆட்டினார். கோவிந்தசாமி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மனுசன் வயித்தக் கிழிச்சிக்கினு ஆஸ்பத்திரியில கெடக்கறான், இவங்க டிக்கெட்டுக்கு அடிச்சிக்கிறாங்க பாரு. மனசுன்னு ஒண்ணு இல்ல."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தாள். வேறு கம்பெனி விமானத்தில் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது, அவசரம் உள்ளவர்கள் யார் என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் எழுந்தேன். முதலில் எழுந்தவனே நான்தான். "டுமாரோ?" என்று கேட்டேன். "டுமாரோ ஷ்யூர் சார். டுமாரோ மார்னிங்" என்றாள். வியாழக்கிழமை காலை கிளம்பினால் சாயங்காலம் சென்னை, ராத்திரிக்குள் வீடு. வெள்ளிக்கிழமைக்குத் தாராளமாகப் போதும். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு குஜராத்திப் பெண் அழுதுகொண்டு நின்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். எங்களில் ஒருவரும் எழவில்லை. கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் அன்று ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இதை என் முட்டாள்தனம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரி, ஆபரேஷனை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். "நாளைக்குக் கட்டாயம்" என்பதையும் தப்பாகப் புரிந்துகொண்டோமா? அதை அந்தப் பெண் வாயில் போட்டு அனுப்பியது யார்?

அன்று சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பி மலருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ பாவம்" என்றாள். "புள்ளகுட்டி இருக்குதாமா அவருக்கு?"

"தெரியல. நாளைக்கு ராத்திரிக்குள்ள நான் வந்துடுவேன்."

"நான் இங்க சொல்லிக்கிறேன். நீ சாப்டியா?"

அவள் வீட்டில் எல்லாரிடமும் சொன்னாள். மூத்தார் பெண்டாட்டி மட்டும், "விமானம் ஓட்டறவங்களுக்குக்கூட ஆபரேஷன் வருதா?" என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை காலை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது கோவிந்தசாமி அண்ணன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு ஏறினார். நோயாளி இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பழக்கத்தில் இல்லை. "ஆஸ்பத்திரி எங்கன்னு தெரியல. அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தா சேத்துடும்" என்றார்.

அதே பெண் அதே மேஜையில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கோவிந்தசாமி அண்ணன் பழப் பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் கேட்டேன். "ஆபரேஷன் ஓவர்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யெஸ் சார். ஓவர். ஆபரேஷன் ஓவர்."

நாங்கள் கை தட்டினோம். சேர்மன் அவர்களே, இதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். உங்கள் கம்பெனி செத்துப்போன செய்தியைக் கேட்டு இருபது சிமெண்ட் டீலர்கள் ஏர்போர்ட்டில் நின்று கை தட்டினோம். ஒருவர் மலை இருக்கும் திசை எது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்து, ஏதோ ஒரு பக்கம் கும்பிட்டார். நான் அங்கிருந்த பூத்துக்கு ஓடிப்போய் மலரிடம், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சும்மா, வந்துடறேன்" என்று சொன்னேன். அவளும் அதை வீடு முழுக்கச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது பாபு பாயின் முகம் சரியில்லை. அங்கே துணிக் கடை வைத்திருக்கும் ஒரு வடநாட்டுக்காரர் யாரையோ வழியனுப்ப வந்திருக்கிறார். பாய் இந்தியில் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

"ஏழுமலை, ஒக்காரு" என்றார் பாய். "பைலட்டும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. கம்பெனிய மூடிட்டாங்களாம். ஆபரேஷன் ஓவர்னா அவங்க விமானம் ஓட்டறது ஓவர். அந்த வார்த்தைக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருக்குதாம்."

கோவிந்தசாமி அண்ணன் மேஜை மேல் இருந்த பழப் பையைத் திரும்பிப் பார்த்தார்.

நான் மேஜையை ஓங்கி அறைந்தேன். நேற்று அறைந்திருக்க வேண்டியது. அந்தப் பெண் பின்வாங்கி நின்று அழுதாள். துணிக் கடைக்காரர் அவள் சொன்னதை இந்தியில் சொல்ல, பாய் தமிழில் சொன்னார்: "எனக்கே இன்னைக்குக் காலையிலதான் போன்ல சொன்னாங்க. நேத்து வரைக்கும் நாளைக்குன்னு சொல்லுன்னாங்க, சொன்னேன். இன்னைக்கு என்னைக் கூட்டிப் போக வேண்டிய வண்டியையும் நிறுத்திட்டாங்க. நான் எப்படி வீட்டுக்குப் போறதுன்னு தெரியல." அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோவிந்தசாமி அண்ணன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, உரித்து, அவள் கையில் வைத்தார்.

என் பெண்டாட்டி கஸ்தூரிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவள் மலரிடம் சொன்னாள். மலர், "இப்ப போயி நான் இன்னான்னு சொல்றது அண்ணி? ரெண்டு நாளா ஆபரேஷன்னு சொல்லிட்டேன்" என்றாளாம். ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கெஞ்சியிருக்கிறாள். சமையல் ஆள் வந்தாயிற்று, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்து இறங்கியாயிற்று, யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பூக்கெட்டில் துணிக் கடைக்காரர் கடையில், அவருடைய போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனுஷர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கஸ்தூரி தன் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டே கோயில் மண்டபத்தில் நின்றாள். மேளம் கேட்டது. தட்டு வரிசையைப் புருஷன் இல்லாமல் அவள் தனியாகத் தூக்கி வந்திருக்கிறாள்.

அப்போது யாரோ சத்தமாகப் பேப்பர் படிப்பது காதில் விழுந்தது. மூத்தாரின் குரல்தான். விமானக் கம்பெனி மூடியது பற்றி அன்றைய தமிழ்ப் பேப்பரில் வந்துவிட்டிருக்கிறது. பல வாரமாகவே மூடும் நிலைமையில்தான் இருந்தது என்று போட்டிருந்தார்களாம். பல வாரம் என்றால் நாங்கள் ஏறுவதற்கு முன்னாலேயே. எங்களை ஏற்றும்போதே இறக்கிவிடப் போகிறவர்கள்தான் நீங்கள்.

"இதுல ஆபரேஷன்னு ஒண்ணும் போடலையே" என்றார் மூத்தார். "பைலட்டு செத்தாகூடப் போட்டிருப்பானே. ஏம்மா மலரு, ஒங்கண்ணன் வெயிலு காயப் போனவரு, இன்னும் ரெண்டு நாளு காஞ்சிட்டு வரேன்னு சொன்னா நாங்க வேணாம்னா சொல்லப் போறோம்? பொய்யச் சொன்னாலும் ஒரு அளவா சொல்ல வேணாமா?"

மண்டபமே சிரித்தது. அத்தனை தூரத்துக்கும் எனக்கு ஒவ்வொரு சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது. மலர் பதில் சொன்னது கேட்கவில்லை. போளூரிலிருந்து வந்திருந்த மூத்தாரின் மச்சான் ஒருவர் மணையில் உட்கார்ந்தார். பையனை அவர் மடியில் வைத்தார்கள். என் மருமகன் அழுத சத்தத்தைக் கேட்டேன். ஒரு காதுக்கு ஒரு தடவை, இன்னொரு காதுக்கு ஒரு தடவை. முடிந்தது.

சிமெண்ட் கம்பெனி வேறு விமானத்தில் இடம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. நான் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். மூத்தார் நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வந்தது. நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். ஆரஞ்சுப் பழம் வாங்கியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏன் மச்சான்" என்றார் அவர், நிதானமாக. "சிமெண்ட் கடை வெச்சிருக்கறீங்க. கம்பெனிக்காரனோட பேசறீங்க, பில்லு போடறீங்க. ஆபரேஷனுக்கு அர்த்தம் தெரியாதுன்னா யாரு நம்புவா?"

மலர் கதவோரமாக நின்றாள். பையனின் காதில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. அவனை என்னிடம் கொடுக்க ஓர் அடி எடுத்து வைத்தாள். மூத்தார் பெண்டாட்டி, "புண்ணு ஆறல, தூக்கக் கூடாது" என்றார். மலர் நின்றுவிட்டாள். வாசல் வரைக்கும் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "எனக்கு மட்டும் சொல்லுண்ணா. நெஜமாவே நீ அப்படித்தான் நெனச்சியா?"

பீரோ சண்டை நடந்த காலத்தில்கூட என் தங்கை என்னைச் சந்தேகப்பட்டதில்லை. என்னிடம் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது எனக்கு ஊரில் புதுப் பெயர். ஆபரேஷன் ஏழுமலை. சரக்கு வரத் தாமதமானால், "இன்னாண்ணா, லாரிக்கு ஆபரேஷனா?" என்று கேட்கிறார்கள். கரண்ட் போனால் டிரான்ஸ்பார்மருக்கு ஆபரேஷன். கடையில் கேட்டால் நானும் சிரித்துவிடுவேன். அடி அண்ணாமலையில் என் தங்கை தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது அதே வார்த்தையைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அதற்கு நான் சிரிக்க முடியாது.

உங்கள் ஆபீஸுக்கு எழுதினேன். பதில் வந்தது, டிக்கெட் பணம் பற்றி. டிக்கெட்டை நான் வாங்கவே இல்லை, பணம் நான் கேட்கவும் இல்லை. அப்புறம் ஒரு பேட்டியில், சாதாரண மக்களுக்கு வெயிலையும் சிரிப்பையும் கொடுத்த திருப்தி இருக்கிறது, பயணிகளுக்குச் சின்ன அசௌகரியம் என்று நீங்கள் சொன்னதாகப் படித்துக் காட்டினார்கள். அந்தச் சின்ன அசௌகரியத்துக்குப் பெயர் மலர். அவள் புகுந்த வீட்டில் அவள் சொல்லும் எதையும் இப்போது ஒருத்தரும் நம்புவதில்லை.

ஆகவே சேர்மன் அவர்களே, பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். பேப்பரில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் போடுங்கள். மூடப் போவது தெரிந்தே ஏற்றினோம், ஆபரேஷன் என்ற வார்த்தையை ஏர்போர்ட்டில் சொன்னது நாங்கள்தான், நாளைக்குக் கட்டாயம் என்று சொல்லச் சொன்னதும் நாங்கள்தான், வேங்கிக்கால் ஏழுமலை தன் தங்கையிடம் பொய் சொல்லவில்லை என்று உங்கள் கையெழுத்தோடு போடுங்கள். தமிழில் போடுங்கள். என் தங்கையின் மூத்தார் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவதில்லை.